ஏணிக்காரியின் கடைசி அரைமணி

வானத்தைத் தைத்து மூடிக்கொண்டிருந்தானே நூறு கை தையல்காரன், அவன் கடைசியில் என்ன ஆனான், அவனை எதிர்த்துப் போன ஏணிக்காரி உயிரோடு திரும்பினாளா இல்லையா, இந்த இரண்டு விஷயமும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குள் தொம்மைக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்ததை ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

சிரிக்காதீர்கள் கண்ணுகளா. தொம்மை சின்னப் பிள்ளை இல்லை. நாற்பது தாண்டியவன். விழுப்புரத்துக்கும் கோலியனூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வாயில் ஒரு பேச்சு உண்டு: "இன்னும் ஒரே ஆளுதாங்க, ஒடனே கெளம்பிடும்." நாலு ஆள் குறைந்தாலும் அதே பேச்சுதான், அரை மணி ஆனாலும் அதேதான். பொய் என்று சொல்கிறவனுக்கும் தெரியும், ஏறி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தொம்மைக்கு அந்தப் பழக்கம் ஸ்டாண்டோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம். அவன் மனைவி சூசை மேரி குவைத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவனும் ஐந்தாவது முடித்த மகள் ஜாக்குலினும் மட்டும். மே மாத லீவில் பிள்ளைகள் சேனல் ஒன்றில் ஜப்பான் கார்ட்டூன் ஒன்றைத் தமிழில் பேசவைத்துப் போட ஆரம்பித்தார்கள். ஆறே வாரம், ஆறே பகுதி. சனிக்கிழமைதோறும் ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும்.

முதல் வாரம் தொம்மை டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தான். இரண்டாவது வாரம் பாதியில் திரும்பி உட்கார்ந்தான். மூன்றாவது வாரம் ஸ்டாண்டில் அவனுடைய முறை வந்தபோது, "நீ எடுத்துக்கினு போ" என்று அடுத்த வண்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தான். அப்படி என்ன கதை என்று கேட்கிறீர்களா? கேட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். தையல்காரன் ஒருத்தன் வானத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே வருகிறான். அவன் தைத்த இடமெல்லாம் இருட்டு. கடலைப் புடவை மாதிரி மடித்து இடுப்பில் செருகி வைத்திருக்கிறான். அவனை எதிர்த்துப் போகிறவள் ஒரு சின்னப் பெண். முதுகில் ஒரு மர ஏணி. எதன் மேலும் சாய்க்காமல், சும்மா காற்றில் நிறுத்தி ஏறுவாள். அவளைத் தவிர வேறு யார் தொட்டாலும் அந்த ஏணி கிடந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடை நகராது. அவளுக்குத் துணை, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பறக்கும் மீன். அடி, உதை, பாய்ச்சல், மறுபடி அடி. தலையும் புரியாது வாலும் புரியாது, ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

"இது இன்னாத்துக்கும்மா வானத்த தெக்கிறான்?" என்பான் தொம்மை.

"கடைசி வாரம்தாம்ப்பா தெரியும். சும்மா இரு" என்பாள் ஜாக்குலின்.

ஐந்து வாரம் அப்படிச் சேர்ந்து பார்த்தார்கள். ஆறாவது வாரம் வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அப்பன் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வண்டி ஓட்டுகிறவன், பெண்பிள்ளையைத் தனியே வைத்திருக்க முடியாது என்று குவைத்திலிருந்து சூசை மேரி அழுது, திண்டிவனத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஹாஸ்டலில் ஆறாவது சேர்ப்பது என்று ஆயிற்று. ஜாக்குலின் மாட்டேன் என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. அதுதான் தொம்மைக்குப் பயமாக இருந்தது.

ஹாஸ்டலில் டிவி கிடையாது. பூட்டு உடைந்த தகரப்பெட்டியை நீல நைலான் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டி, கேட்டுக்குள் இறக்கி வைத்தபோது அவள் சொன்னாள்:

"முடிவு நான் பாக்க முடியாது. நீ பாத்துட்டு வந்து சொல்லணும்."

"சொல்றேம்மா."

"நீ எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவ." கயிற்று முடிச்சை விரலால் அழுத்திக்கொண்டே பேசினாள். "பாக்காம கதை கட்டிவுட்டா எனக்குத் தெரியும்ப்பா. பஞ்சர் கதை மாதிரி."



பஞ்சர் கதை இதுதான். போன செப்டம்பரில் மாதா திருநாள் சப்பரத்துக்கு முன்னால் ஜாக்குலின் சம்மனசு வேஷம், அதாவது தேவதூதன் வேஷம், போட்டு நடக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த றெக்கையை டவுனிலிருந்து கொண்டுவர வேண்டியவன் தொம்மை. வழியில் நல்ல சவாரி ஒன்று வந்தது, ஏற்றிக்கொண்டான், பத்தே நிமிஷம் என்று நினைத்தான். அவன் கோயிலுக்கு வந்தபோது சப்பரம் கிளம்பித் தெரு முனை திரும்பிவிட்டது. றெக்கை இல்லாத சம்மனசு வெள்ளைப் பாவாடையோடு கோயில் படியில் உட்கார்ந்திருந்தது. "வழில பஞ்சர் ஆயிடுச்சும்மா" என்றான். அவள் எழுந்து போய் வண்டியின் மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் புது ஒட்டு இல்லை. நேரே வீட்டுக்கு நடந்துவிட்டாள். லேட்டாக வந்ததை அவள் மறுநாளே மறந்துவிட்டாள். பஞ்சரைத்தான் மறக்கவில்லை.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமதான் பாக்க வுடுவாங்க, மொத தடவ வர்ற ஞாயிறு" என்றாள் ஜாக்குலின். "அது வரைக்கும் பொட்டிக் கயிறை அவுக்க மாட்டேன். பையில ரெண்டு செட்டுத் துணி கீது, போதும். நீ வந்து, நெசமா பாத்ததைச் சொன்னா அவுப்பேன். இல்லன்னா அதே கயிறோட என்னை வூட்டுக்கு இட்டுக்கினு போயிடு."

விழுப்புரம் திரும்புகிற பஸ்ஸில் தொம்மை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: இந்த ஒன்று தவறக் கூடாது. உயிரே போனாலும் இந்த ஒன்று தவறக் கூடாது.

அந்த வருஷம் கரண்ட் கட்டு எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தெருவுக்கு ஒரு நேரம், எதிர்த் தெருவுக்கு ஒரு நேரம். நாடகம் பார்க்கிற பெண்கள் எந்த நேரத்தில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் கரண்ட் இருக்கும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள். தொம்மையும் ஒரு காகிதத்தில் எழுதி வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். அவன் வீட்டில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை கட்டு. கோலியனூரில் தங்கச்சி இருதயமேரி வீட்டில் மூன்றிலிருந்து ஐந்து. அதனால் நாலாவது பகுதியையும் ஐந்தாவது பகுதியையும் மகளோடு கோலியனூர் போய்த்தான் பார்த்திருந்தான். ஆறாவதுக்கும் அதே ஏற்பாடு.

சனிக்கிழமை நாலே முக்காலுக்கே வண்டியைத் தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டான். வீடு திறந்திருந்தது, தங்கச்சி பின்னால் அடுப்படியில் இருந்தாள். உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து மணி வரைக்கும் இங்கே கரண்ட் இருக்கக் கூடாதே என்று ஒரு நொடி தோன்றியது. "அந்தோணியாரே, இன்னிக்கு முன்னாடியே வுட்டுட்டாங்க" என்று கும்பிட்டுவிட்டு, டிவியைப் போட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஐந்து மணி. பாட்டு வந்தது. ஏணிக்காரி ஏணியைத் தோளில் ஏற்றினாள். தையல்காரன் நூறு கையையும் விரித்தான்.

டப்பென்று எல்லாம் போயிற்று. ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது.

இருதயமேரி வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தட்டோடு வந்தாள். "எப்பண்ணா வந்த? இந்நேரத்துக்கு இங்க இன்னா பண்ற?"

"கார்ட்டூன் பாக்க வந்தேன். கரண்டு பூட்ச்சு. அஞ்சு மணிக்கு உங்களுக்கு வரணுமே?"

"அது நேத்தியோட சரி. இன்னிக்கு தேதி பதினாறுண்ணா. ஒண்ணாந்தேதியும் பதினாறாந்தேதியும் மாத்துவாங்கல்ல? இப்ப எங்களுக்கு அஞ்சுலேர்ந்து ஏழு. உங்க பக்கம் இந்நேரம் வந்திருக்கும்."

தொம்மை எழுந்து நின்றான். ஒன்றாம் தேதி மாற்றியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மாதம் பிறந்தால்தானே எதுவும் மாறும் என்று இருந்துவிட்டான். கரண்ட் வரப்போகிற வீட்டை விட்டுவிட்டு, கரண்ட் போகப்போகிற வீட்டைத் தேடி ஆறு கிலோமீட்டர் வந்து, அதற்கு அந்தோணியாருக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறான்.

"இரு, மல்லாட்டையாவது..." என்று தங்கச்சி சொல்லி முடிப்பதற்குள் வண்டி முக்குத் திரும்பிவிட்டது.

கூட்டு ரோட்டில் ஒரு மாட்டுக்காக வேகம் குறைத்தான். அவ்வளவுதான், இரண்டு பேர் தாவி ஏறிவிட்டார்கள். ஒருத்தி சின்னபொண்ணு, தினமும் சாயங்காலம் முருங்கைக்கீரைக் கட்டோடு விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போகிறவள். இன்னொருவர் அப்பாதுரை, ஏதோ ஓர் ஆபீசில் கிளார்க், அவர் சிரித்து அந்த ரூட்டில் யாரும் பார்த்ததில்லை.

"ஆளு சேரணும்னு நிறுத்திடாதய்யா" என்றார் அப்பாதுரை.

"இன்னிக்கு யாருக்காகவும் நிக்காதுங்க சார்" என்றான் தொம்மை. வாழ்நாளில் முதல் தடவையாக அது நிஜம்.

ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் போன். ஸ்டாண்டில் கூட ஓட்டுகிற மணிமாறனைக் கூப்பிட்டான்.

"டேய் மாறா, எங்க கீற?"

"நம்ம ஸ்டாண்டாண்ட, விருத்தாசலம் சலூன்ல. பாதி கன்னம் முடிஞ்சுது. இன்னா?"

"அங்க கரண்டு கீதா?"

"இப்பதான் வந்துச்சு."

"டிவில பிள்ளைங்க சேனலைப் போடச் சொல்லு. ஜல்தி! அதுல இன்னா நடக்குதுன்னு ஒண்ணு வுடாம எனக்குச் சொல்லிக்கினே இரு."

அந்தப் பக்கம் சலூன்காரன் விருத்தாசலத்தின் குரல் கேட்டது: "பாட்டு பாத்துக்கினு இருக்காங்கய்யா எல்லாரும். இது சலூனா, பால்வாடியா?"

"மாறா, என் பொண்ணு விஷயம்டா!"

மணிமாறன் அதற்கு மேல் கேட்கவில்லை. சேனல் மாறும் சத்தம் கேட்டது. தொம்மை போனைப் பின்னால் நீட்டினான். "சார், கொஞ்சம் புடிங்க. ஸ்பீக்கர்ல கீது."

அப்பாதுரை ஆபீஸ் பைலைப் பிடிப்பது மாதிரி போனைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பொண்ணு ஏணியத் தூக்கிக்கினு ஓடுது" என்றது போன். "மேல ஒருத்தன் கீறான், சிலந்தி மாதிரி, ஒடம்பு பூரா கை. ஊசிங்களை வுட்டு எறியறான். யம்மாடி... மழ மாதிரி வருதுடா!"

"அவமேல பட்டுச்சா?"

"ஏணிய சிலம்பம் மாதிரி சுத்தறா. ஒண்ணு படல. தரையில குத்துன ஊசிங்கலாம்... இரு, இரு... பனமரம் ஆயிடுச்சு!"

"நல்லதாப் போச்சு, நொங்கு கெடைக்கும்" என்றாள் சின்னபொண்ணு.

"யம்மா, சும்மா இரும்மா. டேய், மீனு எங்க? கண்ணாடி போட்ட மீனு?"

"மீனா? ஆங், கீது. அவன் சட்டைப்பையில வெச்சுத் தெச்சிருக்கான். மூஞ்சி மட்டும் வெளிய தெரியுது. அழுவுது."

அப்பாதுரை இருமினார். "மீனுக்கு எதுக்குய்யா மூக்குக்கண்ணாடி?"

"தண்ணிய வுட்டு வந்தா அதுக்குத் தூரத்துல இருக்கிறது தெரியாதுங்க சார்" என்றான் தொம்மை, வைக்கோல் லாரி ஒன்றை இடது பக்கமாக முந்திக்கொண்டே. அப்பாதுரை தலையை ஆட்டினார். அது அவருக்கு நியாயமாகப் பட்டது போலிருந்தது.

வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் தொம்மை தலையை வெளியே நீட்டிக் கத்தினான்: "நிக்காது! அஞ்சரைக்கு மேலதான்!" விளம்பரம் வந்தபோது போனுக்குள் மணிமாறன் மூச்சு வாங்குவது கேட்டது. விளம்பரம் முடிந்ததும் அவன் குரலே மாறிவிட்டது. "அவ ஒரு கையை வெட்டுனா, அது நண்டாயி ஓடுது. இன்னொண்ணு, அதுவும் நண்டு. தொண்ணூறு கையி போச்சுடா! மீனு உள்ளேர்ந்து நூலைக் கடிக்குது. கடி! கடி! டேய் விருத்தாசலம், மறைக்காதடா, ஒதுங்கு!" சலூனில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் 'ஐயையோ' என்றார்கள்.

"இன்னாச்சு?" என்றான் தொம்மை.

"இன்னாச்சு?" என்றார் அப்பாதுரை.

"மீனு தப்பிச்சுடுச்சு. ஆனா கண்ணாடி கீழ வுழுந்துடுச்சு."

சின்னபொண்ணு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஐந்து இருபத்து மூன்றுக்கு வண்டி சலூன் வாசலில் நின்றது. தொம்மை குதித்து ஓடினான். சின்னபொண்ணு கீரைக்கட்டை வண்டியிலேயே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். அப்பாதுரை அவன் போனைக் கையில் பிடித்தபடியே நுழைந்தார். உள்ளே எட்டு ஒன்பது பேர், டிவியை மறைத்துக்கொண்டு. எக்கிப் பார்த்தும் முடியவில்லை. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் டிவி முழுசாகத் தெரிந்தது. தொம்மை டிவிக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடியைப் பார்த்தான்.

வானத்தில் ஒரு முறத்தளவு இடம்தான் தைக்காமல் பாக்கி. நூலின் முடிச்சு அங்கே இருக்கிறது. அதை அறுத்தால் மொத்தத் தையலும் பிரிந்துவிடும். ஏணிக்காரி ஏணியை நிறுத்தி ஏறுகிறாள். ஐந்து வாரமாக எந்த உயரத்துக்கும் எட்டிய ஏணி, அன்றைக்கு ஒரே ஒரு படி குறைகிறது. கையை நீட்டிப் பார்க்கிறாள், எட்டவில்லை. கீழே தையல்காரனின் மிச்சக் கைகள் ஏணியைப் பற்றி ஏறுகின்றன. அவள் ஒரு தடவை கீழே பார்த்தாள். பிறகு கடைசிப் படியிலிருந்து எம்பி, அந்த வேகத்திலேயே ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டாள். கைகளோடு சேர்ந்து ஏணி சரிந்தது. மேகம் மேகமாக இடித்துக்கொண்டு போய், எங்கோ ஒரு வயற்காட்டில் மல்லாந்து விழுந்தது. தூசி எழும்பி அடங்கியது. அவள் முடிச்சில் தொங்கிக்கொண்டு, தையல்காரர்கள் கடிப்பார்களே, அந்த மாதிரி பல்லால் நூலைக் கடித்தாள்.

திரை வெள்ளையாயிற்று. தையல் மிஷின் ஒன்று ஓடி ஓடி நிற்கிற சத்தம். ரொம்ப நேரம் வெறும் வெள்ளை. பிறகு ஒரு வயல், பகல் வெளிச்சம். எதன் மேலும் சாயாமல் நின்றுகொண்டிருந்த அந்த ஏணி. ஆள் யாரும் இல்லை. முற்றும் என்று எழுத்து வந்தது, கண்ணாடியில் திருப்பி.

மணிமாறனின் பாதிக் கன்னத்தில் சோப்பு காய்ந்திருந்தது.

"அவ்ளோதானா?" என்றான் தொம்மை. "அவ இன்னா ஆனா?"

"செத்துட்டா" என்றான் விருத்தாசலம், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "அவ்ளோ ஒயரத்துலேர்ந்து வுழுந்தா வேற இன்னா?"

"எங்க வுழுந்தா? வுழுந்ததைக் காட்டுனானா? மேலயே தங்கிட்டா, நட்சத்திரமா ஆயிட்டா" என்றான் மணிமாறன்.

"ரெண்டாம் பாகம் வரும். அதுக்குத்தான் இப்படி வுட்டுவைப்பாங்க" என்றார் அப்பாதுரை.

சின்னபொண்ணு தொம்மையின் தோளைத் தட்டினாள். "இதுக்காடா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? மீனு வந்து முதுவுல தாங்கிச்சு, பத்திரமா கீழ எறங்கிட்டா, அம்மா வூட்டுல சுடச்சுட கேப்பைக்களி தின்னான்னு சொல்லு. கொழந்த சந்தோசப்படும். போய்ப் பாத்தவங்க யாரு?"

எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். தொம்மை மணிமாறனை உட்காரவைத்து, தான் பார்க்காத நடு இருபது நிமிஷத்தையும் மறுபடி சொல்லச் சொன்னான். "இத்தினி கையி போச்சுன்னு எண்ணிச் சொன்னியா, உத்தேசமா சொன்னியா?" என்று கேட்டான். "உத்தேசம்தான்" என்றான் மணிமாறன். தொம்மை அதையும் மனதில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு திண்டிவனம் பஸ் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மயிலம் பக்கம் போகும்போது, அவன் கேட்காமலே ஒரு முடிவு அவன் மனதில் வந்து உட்கார்ந்தது. மீன் வருகிறது. கண்ணாடி இல்லாததால் அதற்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை. ஏணிக்காரி பாட்டுப் பாடுகிறாள், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மீன் இருட்டில் நீந்தி வருகிறது. எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? தொம்மைக்கே கண் கலங்கிவிட்டது. பஞ்சர் கதை சொன்ன வாய்தானே, அது யாரையாவது கேட்டா கதை கட்டும்? இதைச் சொன்னால் பிள்ளை கை தட்டுவாள், பெட்டியை அவிழ்ப்பாள், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஊர் முழுக்கக் கரண்ட் கட்டு, வேறு யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

பஸ் திண்டிவனத்துக்குள் நுழைகிற வரைக்கும் அந்த மீன் அவனை விடவில்லை. இறங்கும்போது தொம்மை அதை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினான்.

ஹாஸ்டல் கேட் பத்து மணிக்குத்தான் திறக்கும். அவன் ஒன்பதுக்கே நின்றான். திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல், "ஏய், ஜாக்கி அப்பா வந்துட்டாருடி!" என்றது. ஜாக்குலின் மட்டும் வரவில்லை, கூடவே பத்துப் பதினைந்து பிள்ளைகள். எல்லாருக்கும் ஐந்து வாரம் வரைக்கும் கதை தெரியும். ஒலக்கூர்ப் பெண் சித்ரா என்று ஒருத்தி, "எங்க வூட்டுல பாக்கச் சொல்லியிருந்தேன் அங்கிள், அங்கயும் கரண்டு இல்லியாம்" என்றாள். ஜாக்குலின் அன்றைக்கு வண்டிச் சக்கரத்தைப் பார்த்த அதே பார்வையோடு நின்றாள்.

புங்கமரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தொம்மை ஆரம்பித்தான்.

"மொதல்லயே சொல்லிடறேன். கோலியனூர்ல நேரம் மாறிப் பூட்ச்சு. தேதி பாக்காம வுட்டது என் தப்பு. ஆரம்பம் ரெண்டு நிமிசம் நான் பாத்தது. நடுவுல மணிமாறன் மாமா போன்ல சொன்னது. கடைசி ஏழு நிமிசம் நான் பாத்தேன், ஆனா கண்ணாடியில பாத்தேன், அதனால எடப்பக்கம் வலப்பக்கம் மாறியிருக்கும்."

ஜாக்குலினின் முகம் ஒரு துளி அசைந்தது.

தவக்காலத்தில் பன்னிரண்டு வருஷமாக, இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்தில் ரோமச் சேவகனாக ஈட்டி பிடித்தவன் தொம்மை. ஓரமாகச் சாத்தியிருந்த ஒட்டடைக்கம்பை எடுத்தான். அதுதான் ஏணி. சுற்றினான். பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். ஊசி பனைமரம் ஆயிற்று, கை நண்டு ஆயிற்று, சித்ரா மீனாக எழுந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். வராந்தாவில் ஜெபமாலையோடு போன சிஸ்டர் ஒருத்தர் நின்றவர் நின்றவர்தான், அடுத்த மணியை உருட்டவில்லை.

"எத்தினி கையி போச்சு?" என்றாள் ஜாக்குலின்.

"தொண்ணூறுன்னு மாமா சொன்னாரு. அவரு எண்ணல."

கடைசிப் படி வந்தது. எம்பினாள், உதைத்தாள். ஒட்டடைக்கம்பு மண்ணில் போய் விழுந்தது. பல்லால் கடித்தாள். வெள்ளை. மிஷின் சத்தம் நின்றது. வயலில் ஏணி.

"முற்றும்னு போட்டாங்க."

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் சித்ரா.

"அப்புறம் ஒண்ணும் காட்டல."

"அவ செத்துட்டாளா?"

மீன் மறுபடி வந்தது. தொம்மையின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதினைந்து ஜோடிக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன, அதில் ஒரு ஜோடி எதிர்பார்க்கவே இல்லை, சும்மா அளந்துகொண்டிருந்தது. 

"எனக்குத் தெரியாதும்மா. சலூன்ல ஒருத்தன் செத்துட்டான்னான், ஒருத்தன் நட்சத்திரம் ஆயிட்டான்னான். நான் பாத்ததுல ஏணி மட்டும்தான் இருந்துச்சு. அதுக்கு மேல சொன்னா அது நான் கட்டுனது."

"போங்க அங்கிள்" என்று இரண்டு மூன்று பேர் முகத்தைச் சுளித்தார்கள். தொம்மை தலையைக் குனிந்துகொண்டான். கயிறு கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது எப்படி என்று மனது யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

"ப்பா" என்றாள் ஜாக்குலின். "ஏணி எப்படி இருந்துச்சு? படுத்துக்கினா, நின்னுக்கினா?"

"நின்னுக்கினு இருந்துச்சு."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன். எது மேலயும் சாயல. சும்மா காத்துல நின்னுச்சு."

"மொதல்ல அது வுழுந்துச்சுன்னு சொன்னியே? மல்லாந்து?"

"ஆமா. தூசிலாம் பறந்துச்சு."

ஜாக்குலின் எழுந்து போய், மண்ணில் கிடந்த ஒட்டடைக்கம்பைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். நேராக நிறுத்திப் பிடித்தாள்.

"அப்போ யாரு அதை நிறுத்துனது?"

கம்பை விடாமல் அவளே தொடர்ந்தாள்.

"மூணாவது வாரம் அந்த ராஜா ஆளுங்க பத்து பேரு சேந்து தூக்கிப் பாத்தாங்க இல்ல? அசைஞ்சுதா? அவ தொட்டாதான அது எழுந்திருக்கும்?"

சித்ராதான் முதலில் கத்தினாள். அப்புறம் எல்லாரும். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் ஏறிக் குதித்தாள். வராந்தாவில் சிஸ்டர் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு ஜெபமாலையின் அடுத்த மணிக்குப் போனார்.

தொம்மை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். எட்டு ஒன்பது ஆம்பளைகள் சலூனில் கண்ணுக்கு முன்னால் பார்த்தார்கள். ஒருத்தனுக்குத் தோன்றவில்லை. மீன் வந்து தூக்கிப் போனதாகச் சொல்லியிருந்தால் இவளிடம் இந்த ஏணியே வந்து சேர்ந்திருக்காது.

"வந்துட்டாளாம்மா?" என்று கேட்டான் மகளிடம்.

"வந்துட்டாப்பா. எங்கயோ கையி கழுவப் போயிருப்பா."

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. தங்கச்சி முந்தின ராத்திரி யாரிடமோ கொடுத்தனுப்பிய மல்லாட்டைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தொம்மை கேட்டுப் பக்கம் நடந்தான். என்ன முடிவு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டைத் தாண்டப்போகும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜாக்குலின் ஓடி வந்து, சுருட்டி வைத்திருந்த நீல நைலான் கயிற்றை அவன் கையில் திணித்தாள்.

"இதை எடுத்துக்கினு போ. இங்க எடத்த அடைச்சுக்கினு கீது."

"சரிம்மா."

"அடுத்த மாசம் எத்தினி மணிக்கு வருவ?"

பத்துக்கெல்லாம் வந்துடுவேன் என்று வாய் வரைக்கும் வந்தது. தொம்மை கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு யோசித்தான். முதல் பூசை, பஸ், மயிலம் பக்கம் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம் இருந்தாலும் இருக்கும்.

"பத்தரை" என்றான். "பத்தரைக்குக் கேட்டுக்கிட்ட நிப்பேன்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.